முதல் வெட்டு

பேருந்தின் நெற்றியில் ப்யே என்றிருந்தது.
எங்கள் வீட்டில் அது இன்னும் புரோம்தான்.

பழைய கத்தி பிடி கழன்று
பிரியாணிக் கறிக்குள் விழுந்த மறுநாள்
கடையை இரண்டு நாளுக்குப் பூட்டினேன்.
யாங்கோனில் இல்லாத கத்தியா என்றார்
கூட்டாளி ஸ்தனிஸ்லாஸ்.
இருக்கிறது. பெட்டிக்குள், பளபளவென்று,
ஆட்டுத் தொடையைக் கண்டாலே பல் உடைகிற ஜாதி.

நீலார் வின்னுக்கு ஊர் கிளம்ப ஒரு சாக்கு போதும்.
கத்தி உனக்கு, இடிபாடு எனக்கு,
தின்பது மட்டும் பொது என்றாள்.

விடிந்தும் விடியாமல் இறங்கினோம்.
ஐராவதிக் கரையில் மோஹிங்கா.
கெளுத்தி மீன் கரைந்த சாற்றில்
வாழைத்தண்டு வட்டம் வட்டமாய் மிதந்தது.
ஒன்றைக் கரண்டியில் நிறுத்தி
விளிம்பைப் பார்த்தேன்.
ஒரு நார்கூட இழுபடவில்லை.
இதை எந்தக் கத்தியில் அரிந்தாய்?
கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவள்
ஈரக்கையை நீட்டிச்
சந்தையின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

வழியில் மோலின்மாயா.
குழிகளில் வெந்த அரிசிமாவுப் பாதிகளை
ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து ஒட்டுவார்கள்,
புருஷன் பெண்டாட்டிப் பலகாரம்.
நீலார் ஒவ்வொன்றையும் பிய்த்துப்
பாதி பாதியாகத் தின்றாள்.
அவள் தனியே வந்து ஏழு மாதம்.
நான் முழுசாகவே வாயில் போட்டுக்கொண்டு
வேறெங்கோ பார்த்தேன்.

சாக்கின்மேல் பதினொரு கத்திகள்
மீன்போல ஒருக்களித்துக் கிடந்தன.
முதலாவதற்குத் தலைக்கனம்.
அடுத்தது, ஓங்கியதும்
மணிக்கட்டைத் தாண்டி முழங்கையை விசாரித்தது.
ஒன்றை நகத்தால் சுண்டினேன்,
நான் தகரம் என்று அதுவே ஒப்புக்கொண்டது.
அழகாய் இருந்த ஒன்றில்
பிடிக்குள் பாதிதான் இரும்பு.
இப்படி ஒன்றுதானே போன வாரம் கறியில் விழுந்தது?

ஏழாவது,
லாரிப் பட்டையை அடித்துச் செய்தது.
உடம்பெல்லாம் சுத்தியல் அம்மை.
சுண்டினால் ணங்.
அந்த ணங் அடங்குவதற்குள்
கடைக்காரர் ஒரு வெற்றிலை மடித்துவிட்டார்.
ஒரு கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தேன்,
நூல் பிசகவில்லை.
புளியமரப் பிடி, மூன்று ஆணி.

என்ன வெட்டுவீர்கள் என்று கேட்டார்.
எலும்பு என்றேன்.
அப்படியானால் விலை குறைக்க மாட்டேன்,
நீங்கள் திரும்பி வரப்போவதில்லை.

கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு
இடிபாட்டுக்கு மாட்டுவண்டியில் போனேன்.
காவலாளி கோ ஸேயா
என் செருப்பைப் பார்த்தார், பொதியைப் பார்த்தார்.
இரண்டையும் வெளியே விடு.

பாவ்பாவ்ஜி, கும்பிடச் சொல்லி வளையாமல்
உருளையாய் நிமிர்ந்த கோபுரம்.
நீலார் மூன்றுமுறை சுற்றினாள்.
வெயிலில் கல் சுட
நான் பாதம் மாற்றி மாற்றி நின்றேன்.
கோட்டைச் சுவர்ப் பக்கம் சரிந்த செங்கல் ஒன்றில்
மூன்று விரல் இழுத்த கோடுகள்.
சாப்பிட்டு முடித்துத்
தட்டை வழித்தால் விழுமே, அதே கோடுகள்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்,
சேரவில்லை.
அகன்ற கை, யாருடையதோ.
ஈர மண்ணை விட்டு
எதற்கோ அவசரமாக எழுந்துபோன கை.

திரும்பி வந்தால்
செருப்பு இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது,
கத்தி இல்லை.
பனைமரத்தடியில் கோ ஸேயா
என் கத்தியால்
நுங்கு சீவிக்கொண்டிருந்தார்.
கூட மூன்று பிள்ளைகள், ஒரு வண்டிக்காரர்.

எலும்புக்கு வாங்கியது ஐயா அது!
கூர் பார்த்தேன் என்றார். நல்ல கூர்.
நீலார் சிரித்த சிரிப்பில்
மாடு திரும்பிப் பார்த்தது.
திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.
யாரோ அதில் ஒரு சுளையை வைத்தார்கள்.
குளிர்ந்து வழுக்கி
வார்த்தையையும் கூட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.
பிறகு எத்தனை தின்றேன் என்று
எண்ணவில்லை.

இரவுப் பேருந்தில் காலடியில் கத்தி,
தோளில் நீலாரின் தூக்கம்.
காலையில் ஸ்தனிஸ்லாஸ் கடைவாசலிலேயே கேட்டார்,
கத்தி எப்படி?

நுங்குக்கு நல்லது என்றேன்.
தொடையை எடுத்துப் பலகையில் வையுங்கள்.