அடித்த சொல்

'கருமி' என்று எழுதியிருந்தேன்.
மூன்றே எழுத்து. வீரவநல்லூர்
இரும்புக்கடை பலவேசம் முழுசாக
அதற்குள் அடங்கிப்போனார்.

அடித்துவிட்டு ஆணிகளை எழுதினேன்.
கால் கிலோ கேட்டால், தட்டு தாழ்ந்த பிறகும்
ஒரு ஆணியை எடுத்துப் பார்ப்பார்.
தட்டு ஏறாவிட்டால்
அது டப்பாவுக்கே திரும்பும்.
பார்சலில் வந்த ரப்பர் வளையங்கள்
இடது மணிக்கட்டில் ஏறும், சாயங்காலத்துக்குள் ஏழெட்டு.
கிழித்த காலண்டர் தாளின் முதுகில் பில்.
ஒன்றரை சென்டுக்காக
மதினி உலகம்மாள் மேல்
அம்பாசமுத்திரம் கோர்ட்டில் ஒன்பது வருஷம்.
சமாதானம் பேசப் போனவர்களிடம்,
மழையைப் பற்றிப் பேசப் போனவர்களிடமும்,
"சவத்தைத் தள்ளும்வே."

அந்த மூன்று எழுத்து இப்போது தாளில் இல்லை,
ஆனாலும் காதில் விழும்.
என் சாமர்த்தியத்தை
நானே மெச்சிக்கொண்டிருந்த வாரம்
உலகம்மாள் செத்துப்போனாள்.

துஷ்டி வீட்டுக்கு வந்தார்.
அழவில்லை. மாலை கொண்டுவரவில்லை.
(கொண்டுவந்திருந்தால் என் சோலி எளிது.)
பின்வாசலில் சொட்டிய குழாயை
இறுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை.
மணிக்கட்டிலிருந்து ஒரு வளையத்தை உருவி
மூன்று சுற்றுச் சுற்றினார்.
பிறகு வாசலுக்கு வந்து குனிந்தார்.
தலைமாடு கால்மாடாகக் கிடந்த செருப்புகளை
ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தார்,
போகிறவர்கள் மாட்டிக்கொள்ள வாகாக
நுனி தெருவைப் பார்த்து.
வார் தைத்த நீலச் செருப்பு ஒன்று.
அதன் இணை முருங்கை மூட்டில் கிடந்தது.
நடந்துபோய் எடுத்துவந்தார்.
அந்த ஜோடியை மட்டும்
வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

'சவத்தை' என்கிற வார்த்தை
அன்றைக்கு அவர் வாயில் வரவேயில்லை.

ராத்திரி இதை எழுதும்போது
கை தானாக
'உள்ளுக்குள் ஈரம்' என்று போட்டது.
அதையும் அடித்தேன்.
ஈரமா, ஒன்பது வருஷத்து உறுத்தலா,
எதுவும் சிதறக் கூடாது என்கிற
அதே ஆணிக் கையா,
எனக்கெப்படித் தெரியும்?
நீலச் செருப்பு எந்தப் பக்கம் பார்த்தது என்பது
தெரியும்.

அது தெரிந்ததும் எப்படியென்றால்,
சங்கு ஊதி முடித்திருந்தார்கள்.
"ஒரு தோள் குறையுதுவே, யாராச்சும் வாங்க"
என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.
நான் வேம்புக்கு அடியில் நின்று
சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.