லண்டன்பேட்டையில் பிரெஞ்சு

லண்டன்பேட்டை மாடியறையில்
கிரானைட் கம்பெனிக்காரர்கள் ஏழு பேருக்கு
மாலை பிரெஞ்சு.

மேர் என்றால் அம்மா.
பேர், அப்பா.
"பேருக்குத்தான் அப்பா" என்று
பின்வரிசை சிரித்து ஓய்ந்தபின்
குடும்பப் படம் வரையச் சொன்னேன்.

முனிரத்தினம் கை தூக்கினார்.
"சித்திக்கு என்ன மேடம்?"
அம்மாவின் தங்கையா, தாந்த்;
அப்பாவின் இரண்டாம் மனைவியா, பெல்-மேர்.
"ரெண்டும் அவங்கதான்.
அப்போ எனக்கு அஞ்சு வயசு."

ரெண்டு கட்டம் போடலாமே என்றேன்.
"வீட்டுல ஒருத்தர்தானே மேடம்."

தாந்த் எழுதி அடித்தார்.
பெல்-மேர் எழுதி
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு
பெல்லை மட்டும் அடித்தார்.

சிவப்புப் பேனாவின் மூடியை
நான் தேடிக்கொண்டிருக்க,
அடுத்த கட்டத்தில் அவர்
நாய்க்கு வார்த்தை கேட்டார்.