தோற்றவருக்கும் ஒரு புள்ளி

ஆகஸ்டில் ஹெல்சிங்கியிலிருந்து கடிதம் வந்தது.
இனிமேல் டிரா கிடையாது.
அறுபது நிமிடத்தில் முடியாவிட்டால்
மூவருக்கு மூவர், ஐந்து நிமிடம்.
அதிலும் தீராவிட்டால்
ஒருவன் பின் ஒருவனாக வந்து
கோல்காப்பாளனைத் தனியே சந்திக்க வேண்டும்.
அப்படித் தோற்றவருக்கும் ஒரு புள்ளி உண்டு.
கையெழுத்துக்கு மேலே ஒரு வரி:
ரசிகர்கள் முடிவை விரும்புகிறார்கள்.

எந்த ரசிகர்கள் என்று கேட்டேன்.
மேலாளர் ஸாக்ரிஸ் தோளைக் குலுக்கினார்.

நான் கைசு. கெமி அரங்கில், வடக்கு வலைக்குப் பின்னால்
கண்ணாடிக் கூண்டில் பத்தொன்பது வருடம்.
வட்டு கோட்டைத் தாண்டினால் பொத்தானை அமுக்குவேன்,
தாண்டாவிட்டால் அமுக்க மாட்டேன்.
அவ்வளவுதான் வேலை.
இதற்கே செத்துப்போன என் அம்மாவை
மூன்று மொழிகளில் திட்டியிருக்கிறார்கள்.

எனக்கு டிரா பிடிக்கும்.
ரெண்டுக்கு ரெண்டு. சைரன் ஊதும்.
கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே
கையுறையைத் தேடும்.
எதிரணிப் பேருந்து
ஜெயித்த பேருந்தும் இல்லை, தோற்ற பேருந்தும் இல்லை,
வெறும் பேருந்தாக ஊர் திரும்பும்.

யால்மரிக்கும் எனக்கும் அப்படித்தான் முடிந்தது.
வீட்டை விற்றோம். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி.
படகை யாரும் கேட்கவில்லை,
அவன் அண்ணன் கொட்டகையில்
இன்னும் கவிழ்ந்து கிடக்கிறது.
யார் பக்கம் தவறு என்றாள் வக்கீல் பெண்.
இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம்.

யால்மரிதான் பனித்தளம் துடைக்கும் வண்டியை ஓட்டுகிறவன்.
அவன் வண்டியை எடுத்தால்
நான் காபி குடிக்கப் போய்விடுவேன்.
பதினோரு வருடமாக அப்படி ஒரு ஏற்பாடு,
யாரும் எழுதி வைக்காதது.

நவம்பரில் முதல் இழுபறி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
அத்தனை பெரிய வெள்ளையில் ஆறு பேர்,
ஊர் காலியான பிறகும் ஓயாத
பங்காளிச் சண்டை போல.
யாரும் கோல் அடிக்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, கடிதத்தின் பின்பக்கத்தில்
பொடி எழுத்தில் இன்னொன்று:
தனியாட்டத்துக்கு முன் தளத்தின் நடுப்பகுதியை
தண்ணீர் விடாமல் சுரண்ட வேண்டும்,
அதுவரை கோல் நடுவர் கூண்டைவிட்டு நகரக் கூடாது.

வண்டி வந்தது. வலையருகே திரும்பியது.
ஒரு முழ தூரத்தில் யால்மரி.
மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான் இப்போது.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினான்.
நான் தலையசைத்தேன்.
அசைத்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கடைசியாக வந்தவன் பத்தொன்பது வயதுப் பையன்,
உதட்டுக்கு மேல் மீசை முளைக்கலாமா என்று யோசிக்கிறது.
வலம் காட்டி இடம் போனான்.
எங்கள் ஓஸ்மோ முழு உடம்போடு விழுந்தான்.
அவன் முழங்கால் கவசத்துக்கு அடியிலிருந்து
வட்டு, அவசரமே இல்லாமல்,
திருடன் புறவாசல் வழி போவதுபோல்
கோட்டின் மேல் உருண்டது.

மூவாயிரம் பேர் என்னைப் பார்த்தார்கள்.
நூலளவு. அந்தப் பக்கம்.

அமுக்கினேன்.

அம்மா மறுபடி செத்தாள், பல மொழிகளில்.
ஓஸ்மோ எழவில்லை. ஸாக்ரிஸ் விரலால்
ஒன்று என்று காட்டினார், ஒரு புள்ளி, ஒரு புள்ளி,
பிள்ளை விழுந்த வீட்டில்
மிட்டாய் நீட்டுகிறவர்போல.

கூட்டம் கலைகிறவரை கூண்டிலேயே இருந்தேன்.
வண்டி நிறுத்துமிடத்தில் கடைசியாக என் கார்.
மேலே, பக்கவாட்டில், பின்னால், எங்கும் உறைபனி.
முன்கண்ணாடியில், ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்
யாரோ சுரண்டியிருந்தார்கள்,
தண்ணீர் விடாமல், நேர் நேர் கோடாக,
சரியாகப் பாதி.

மறு பாதியைச் சுரண்ட
எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.