ரசீது எண் 318 முதல் 321 வரை

எர்சீரா,
உங்கள் தீவுப் படகுக்கு
எப்படிப் பணம் திரட்டுவது என்று கேட்டிருந்தாய்.
இங்கே மூன்று நாளாக மழை, மின்சாரம் இல்லை.
எழுத வேறு தாளும் இல்லை.
ரசீதுகளின் பின்பக்கத்தைப் பொறுத்துக்கொள்.

"உங்களால் முடிந்ததைத் தாருங்கள்" என்று கேட்காதே.
முடிந்தது எவ்வளவு என்று
யாருக்குமே தெரியாது.
பைக்குள் போன கை
சில்லறையோடு திரும்பி வரும்.

நான் டீசல் கணக்கைச் சொன்னேன்.
காஸ்த்ரோ ஆஸ்பத்திரிக்குப் போய்வர
நாற்பத்திரண்டு லிட்டர்,
வாரத்தில் மூன்று நாள்.
ஐந்து பேர்,
வேலையை நிறுத்திவிட்ட பத்துச் சிறுநீரகங்கள்.
உங்களுடையது எத்தனை லிட்டர்?
ரொட்டிக்கடை நார்சீஸா
மாதம் நான்கு என்றாள்,
பால்காரனிடம் சொல்வதுபோல.

பிங்கோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
ஆனால் முன்னாலேயே கணக்குப் போடு.
எங்கள் முதல் பிங்கோவில்
கூட வாடகை, தொத்திறைச்சி, கடுகுச் சாந்து,
அக்கார்டியன்காரருக்கு மது, எல்லாம் போக
மிஞ்சியது பதினோராயிரம் பேசோவும்
விற்காத நாற்பது ரொட்டியும்.
ஒரு வாரம் நிர்வாகக் குழு
ரொட்டியைத் தின்றுகொண்டே கூடியது.

இனி சால்மன் பண்ணை விஷயம்.
வெள்ளைத் தலைக்கவசத்தோடு மேலாளர் வந்தார்.
இரண்டு வருடச் செலவும் எங்களுடையது,
படகின் இருபுறமும் எங்கள் மீன் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.
வரைந்தோம்.
வீடு வீடாக ஏறி இறங்குவதை நிறுத்தினோம்.
(இதைத்தான் நான் அடிக்கோடிடுகிறேன்.)
இரண்டாம் குளிர்காலத்தில்
கூண்டுகளை இழுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள்.
தொலைபேசி அடித்தது, அடித்தது.
துறையில் ஐந்து பேரும் போர்வையோடு உட்கார்ந்திருக்க
டாங்கின் முள் சிவப்பில்.
அன்று குடத்தோடு வந்தவள்
நான்கு லிட்டர் நார்சீஸா.

பெரிய பணத்தை வாங்கு. வாங்காமல் என்ன?
அது நின்றால் படகும் நிற்குமா என்று மட்டும்
கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்.

நோயாளியின் படம் போடலாமா என்கிறாய்.
பால்தோமேரோவிடம் நானும் கேட்டேன்.
"என் முகத்தை விற்றால்
எனக்கு எத்தனை சதவீதம்?" என்றார்.
கரையில் சாய்ந்து கிடந்த படகைப் படம் எடுத்தோம்.
பின்னணியில் அவர் சிரிப்பது
தற்செயல்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
நாம் கடலில் போடுகிறோம்.
மாதக் கணக்கைத் துறைக் கதவில் ஒட்டு.
தபால்தலை, பேனா, படகோட்டி எலியாசரின் கூலி
எதையும் ஒளிக்காதே.
எல்லாப் பணமும் நோயாளிக்கே என்பது
கேட்க நன்றாக இருக்கும்.
எலியாசருக்கும் பசிக்கும்.

நன்றியை ஒரு வாரத்துக்குள் சொல், பெயரைச் சரியாக எழுதி.
நாவுயெல்கீன் என்பதில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு
ஒரு குடும்பத்தையே இழந்தேன்.
இல்லை என்றவர்களையும் குறித்துவை,
கோபத்துக்காக அல்ல,
பூண்டு அறுவடை முடிந்ததும் மறுபடி போய்க் கேட்க.

மார்ச்சில் பால்தோமேரோ போய்விட்டார்.
கொடுப்பவர்களுக்கு இதை எழுதுவதா என்று
இரண்டு இரவு தூங்கவில்லை.
பிறகு எழுதினேன்:
இப்போது நான்கு பேர்.
டீசல் அதே நாற்பத்திரண்டு.

ஒருவரும் நிறுத்தவில்லை.
அவர் மனைவி வந்தாள்.
மேசையில் ஆயிரம் பேசோ வைத்து
ரசீது வேண்டும் என்றாள்.
எழுதும்போது என் கை
கோட்டை விட்டுப் போயிற்று.

உங்கள் தீவுக்கு இதில் பாதி பொருந்தாது.
உங்கள் நீரோட்டம் வேறு, உங்கள் பாதிரியார் வேறு.
எங்கள் படகில் அந்த மீன் இன்னும் இருக்கிறது,
பெயின்ட்டுக்குக் காசில்லை.

விளக்கு வந்துவிட்டது.
318, 319, 320 மூன்றையும் ரத்து செய்துவிட்டேன்,
தணிக்கையாளருக்குக் காரணமும் எழுதிவிட்டேன்.
321-ஐத் திருப்பிப் பார்.
உன் பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லாமல்.
ஒரு லிட்டர்.
தேதி மட்டும் நீ போட்டுக்கொள்.