பின்கியரில் முப்பது அடி

புதுக்கார் விலைக்கு இரண்டு பரப்புக் காணி வரும்.
ஆகவே மொறிஸ் மைனர்.
எஞ்சின் இறுகி நாலு வருசம்
அதற்குள் கோழி அடைகிடந்தது.
வனெற் வானின் எஞ்சினைப் போடலாம்,
கனபேர் போட்டிருக்கினம், லேசு என்றார்கள்.
லேசு என்றவர்களில் ஒருவரும்
பிறகு கோண்டாவில் பக்கம் வரவில்லை.

பஞ்சிகாவத்தையிலிருந்து லொறியில் வந்தது,
சாக்கில் சுற்றி, என் பெயரைப் பிழையாய் எழுதி.
வளவில் பாரம் தாங்கக்கூடியவை
தண்ணீர்த் தொட்டியின் நாலு தூண்கள் மட்டும்.
குறுக்கே ஒரு தண்டவாளத் துண்டு.
முன்பு அது பங்கருக்குக் கூரையாய்க் கிடந்தது,
அதற்கும் முன்பு அதன்மேல் ரயில் ஓடியது.
இப்போது ஒரு சங்கிலிக் கப்பியும்
நூறு கிலோ இரும்பும்.

இறக்கினோம். ஒயில் சம்ப்
குறுக்குச் சட்டத்தில் இடித்தது.
ஏற்றினோம்.
குருநகரில் படகெஞ்சினுக்கு ஒட்டுப்போடும் ஸ்தனிஸ்லாஸ்
சம்பை வெட்டி, சரித்து, ஒட்டித் தந்தார்.
"கடலிலையே ஒழுகாது" என்றார்.
கரையில் ஒழுகியது.
திரும்பக் கொண்டுபோனேன். திரும்ப ஒட்டினார்.
காசு வேண்டாமாம், நாலு மீன் வாங்கிக்கொண்டு போகட்டாம்.

கியர்பொக்ஸ் நுழையவென்று தரைத்தகட்டை வெட்டினேன்.
ஓட்டையால் செம்மண் தெரிந்தது,
அண்ணாந்து பார்க்கும் ஒரு கோழிக்குஞ்சும்.
பதின்மூன்றாம் நம்பர் போல்ற் ஒன்று
பெல்ஹவுசிங்குக்குள் விழுந்து காணாமல் போனது.
பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டி
ஒரு முழு ஞாயிறு அதற்குள் தூண்டில் போட்டோம்.

புரொப்பெல்லர் சாவ்ற் இரண்டரை அங்குலம் கூட.
சுன்னாகத்து லேத்தில் மூன்றரை வெட்டிவிட்டார்கள்.
மின்சார சபைக்கு மீற்றர் வாசிக்கிறவன் நான்,
இலக்கம் ஒன்று பிழைத்தாலே தூக்கம் வராது.
அன்றிரவு சாப்பிடவில்லை.
சிவாஜினி சாப்பிட்டாள். கை கழுவி வந்து
ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு
வயரிங் முழுவதையும் தனியே பிரித்தாள்.
சிவப்புக்குச் சிவப்பு நூல். பச்சைக்கு நூலில்லை,
தன் பழைய தாவணியில் ஒரு கீலம் கிழித்தாள்.

கார்த்திகை முழுக்க மழை, முழுக்கத் தறப்பாள்.
தூண்களை நம்பித் தொட்டியை நிரப்பப் பயந்து
வாளியால் அள்ளிக் குளித்தோம்.

மார்கழியில் ஒரு பின்னேரம், நாலரை மணி.
பற்றறியைக் கொழுவித் திறப்பைத் திருப்பினேன்.
சுழன்றது. சுழன்றது.
பிறகு
கார்புரேற்றரால் வெடித்தது.

ஒழுங்கை முழுக்க ஒரு சத்தமில்லை.
காகங்கள் எழும்பிப் போனது மட்டும் கேட்டது.
மதிலுக்கு அப்பால் கலாமதி அக்கா
கிணற்றடிச் சீமெந்தில் குப்புறக் கிடந்தார்,
விரல்கள் காதில், முழங்கைகள் நிலத்தில்,
நெஞ்சு மட்டும் நிலத்தில் படாமல்,
பள்ளிக்கூடத்தில் பழக்கினபடியே.
ஒன்பது வயது அக்சயன் பக்கத்தில் நின்று கேட்டான்:
"அம்மா, என்ன தேடுறீங்கள்?"

கிறீஸ் கையோடு வீடு வீடாய்ப் போனேன்.
எஞ்சின்தான். எஞ்சின்தான்.
ஆறு வீடு.
ஏழாவது வீட்டில் கதவு திறக்கவில்லை.

டிஸ்ரிபியூற்றர் பாதிச் சுற்று மாறி நின்றிருக்கிறது.
அவ்வளவுதான் பிழை.
அதைத் திருப்ப ஐந்து நிமிசம்,
திறப்பைத் திரும்பத் தொட ஒன்பது நாள்.

பத்தாம் நாள் கலாமதி அக்காவே வந்தார்.
மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு கேற்றடியில் நின்றார்.
"போடும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

பிடித்தது.
முதலில் மூன்று சிலிண்டர், தும்மித் தும்மி நாலாவதும்.
கிளச்சை மிதித்தேன். முன்கியர் ஒன்றும் விழவில்லை,
பின்கியர் மட்டும் விழுந்தது.
போனோம், பின்னுக்கு, முப்பது அடி,
தொட்டியடியிலிருந்து கேற்றுவரை,
அக்சயன் பக்கத்தில் ஓட,
சிவாஜினி கைகாட்டிக் கத்த: வா, வா, வா, நில்!

கியர்த்தடியை நாளைக்குக் கழற்ற வேண்டும்.
சம்படியில் ஒரு சொட்டுத் தொங்குகிறது.
ஒயிலோ, மழைத்தண்ணியோ,
இருட்டிவிட்டது, தெரியவில்லை.
ரோச் அவளிடம்.