மூன்றாவது பத்தி

போன ஆண்டு இடது ஓரம் ஓடிய தபிசோ
ப்ளூம்ஃபொன்டைன் கிளப்பில் கையெழுத்திட்டுப் போய்விட்டான்.
அவன் லாக்கரில் மிச்சம் ஒற்றை பூட்ஸ்,
என்றோ தின்ற வாழைப்பழத்தின் வாடை.
அந்த ஒரு இடத்துக்கு இப்போது நான்கு பேர்.
திங்கள் ஆறு மணிக்குள் தாள் வேண்டும் என்கிறார் டி வால்.
பல்கலைக்கழக ரக்பிக்கு இதயம் பெரிது,
பொறுமை குறைவு.

ஜனவரி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மூடி போட்ட சட்டி.
மூன்று மணிக்கு மலை விளிம்பில் இடி முணுமுணுக்கும்,
நாலரைக்குக் கொட்டிவிடும்.
இடையில் எனக்குத் தொண்ணூறு நிமிடம்,
பதினாறு பந்து,
தையல் போட்ட வலது முழங்கால்.
இடது காலால்தான் உதைக்கிறேன்.

உயர உதைக்கிறேன்.
மேலே போன பந்து ஒரு கணம்
எந்தப் பக்கம் விழுவதென்று யோசிக்கிறது.
நான் அதைப் பார்ப்பதில்லை.
கீழே நிற்கும் கழுத்துகளைப் பார்க்கிறேன்.

ரூவானின் கழுத்து ஆடாது.
சொந்தக் கூரைக்குக் கீழே நிற்பவன்போல நிற்பான்.
நாற்பதில் முப்பத்தெட்டு.
லுயோலோ முதலாண்டு;
பந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து,
காத்திருந்து சலித்து,
ஹதேதா பறவை கத்தினால் அதைத் திரும்பிப் பார்ப்பான்.
பந்து அவன் காதில் விழுந்த சத்தம் இன்னும் கேட்கிறது.

குறிப்பெல்லாம் தமிழில் எழுதுவேன்.
பக்தி அல்ல, பாதுகாப்பு.
நார்த்டேல் சனிக்கிழமைப் பள்ளியில் திட்டு வாங்கிக் கற்ற எழுத்து,
தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் பயல்களுக்கு வெறும் வளையம், சுழி.
கவேஷன் படையாச்சியை மறந்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்க வந்தவன்
பாட்டிலை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தி
எழுத்துக் கூட்டினான். க. வே. ஷ. ன்.
பிறகு பக்கத்துச் சொல். ப. ய. ம்.
அவனுக்கும் அதே பள்ளி.
என் பேர் செதுக்கிய பெஞ்சாகக்கூட இருந்திருக்கும்.

"பழம்தானே, கோச்?" என்றான்.
"பழம்தான்" என்றேன்.

அடுத்த பந்துக்கு அவன் கண்ணை மூடவில்லை
என்று எழுத ஆசை.
மூடினான்.
பிடித்தும்விட்டான்.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

சினெதெம்பா முப்பத்தொன்று. ஒன்பது நழுவல்.
ராத்திரி, மின்வெட்டில்,
செத்துக்கொண்டிருந்த பாட்டரியில் வீடியோவைத் திரும்ப ஓட்டினேன்.
ஒன்பதும் கோட்டோரம் காற்று இழுத்துப் போனவை.
ஒன்பதுக்கும் முழு உடம்பாகப் போயிருக்கிறான்,
ஒருமுறை டயர் கடை விளம்பரப் பலகைக்குள்ளேயே.

அதே காற்று, அதே கோடு,
ரூவானுக்கும் பதினோரு முறை வந்தது.
பதினொன்றுக்கும் கையை விரித்தான், என்னுடையதல்ல என்பதுபோல.
நானும் கணக்கில் சேர்க்காமல்
மறுபந்து உதைத்திருக்கிறேன்.
திரையில் தெரிகிறது என் இடது கால்,
எவ்வளவு தாராளம்.

ஆகவே தாளில் இன்னொரு கோடு கிழித்தேன்.
பிடித்தவை, நழுவியவை,
பிறகு, போகாதவை.
கையிலிருந்து நழுவவிடுவதற்கும்
முதலில் கை அங்கே இருக்க வேண்டும்.

டி வால் தாளை வாங்கி
மூன்றாவது பத்தியைக் கட்டைவிரலால் மூடியபடி வாசித்தார்.
முன்வரிசையில் முட்டி விளையாடிய ஆள், விரல் பெரியது.
"முப்பத்தெட்டு!" என்றார், பேரன் பிறந்ததுபோல.
விரலை எடுக்கச் சொன்னேன்.
எடுத்தார். பார்த்தார்.
திரும்ப வைத்தார்.
"திங்கள் இரவு டிவியில்
இந்தப் பத்தியை யாரும் காட்டமாட்டான்."
பொய்யில்லை. தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
மூன்று பத்தியும் உள்ளே.

வெளியே மழை தொடங்கிவிட்டது.
டாக்சி நிறுத்தம் வரை ஓடலாமா என்று
தாழ்வாரத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சினெதெம்பா
"எத்தனை, கோச்?" என்றான்.
"ஒன்பது" என்றேன்.
எதில் ஒன்பது என்று கேட்கவில்லை.
பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு
மழைக்குள் போனான்,
முழு உடம்பாக.