எடைமேடை

தாழையூத்து. லாரி மேடையேறி
எண்கள் ஆடி அடங்கும் வரைக்கும்
மேசை இழுப்பறை எனக்கு.

உள்ளே நாற்பத்தொரு குகைகள்.
ஸ்லோவேனியாவில் சொட்டிச் சொட்டி
நீண்ட விழுதுகள்.
கர்நூல் குகையின் வாயில்
தபால் முத்திரை கரியாய் அப்பியிருக்கும்.
வியட்நாம் மழையில் நனைந்து
பாறை மட்டும் பொருமி வந்தது.

எல்லாம் சுண்ணாம்புக்கல்தான்.
இருபத்தாறு டன் நானூறு கிலோ.
கையெழுத்துப் போடுகிறேன்.
எந்த இருட்டில் சொட்டவேண்டிய தண்ணியோ
தார்ப்பாய் வழியே
என் மேடையில் சொட்டுகிறது.

ஸ்லோவேனியாக்காரி கேட்டிருந்தாள்:
உன் ஊர் மலை ஒன்று அனுப்பேன்.
ஜங்ஷன் கடைகளில் கோபுரம் கிடைத்தது,
குற்றாலம் கிடைத்தது.
எங்கள் குவாரிக்கு யார் அட்டை போடுவார்?

வெடி வைக்கிற இசக்கிதாசன்
போனில் எடுத்துத் தந்தான்:
படிப்படியாய் இறங்கும் வெள்ளைக் குழி,
அடியில் பச்சைத் தண்ணி,
வேலையற்ற ஒரு கொக்கு.
ஸ்டுடியோவில் கெட்டி அட்டையில் போட்டு
பின்னால் எழுதினேன்:
'மலை என்று சொல்லமுடியாது.
தலைகீழாய்ப் பிடித்துப் பாருங்கள்.'

தபாலாபீஸ் பேராச்சி தராசில் வைத்தாள்.
ஐந்து கிராம் என்றாள்.
எட்டிப் பார்த்துக்கொண்டேன்,
பழக்கதோஷம்.